கிரைண்டருக்கு மட்டும்

கல்யாணமாகித் திண்டுக்கல் முத்தழகுப்பட்டிக்கு வந்த முதல் மாதமே ஆனந்தமேரி புருஷனிடம் ஒரு பேச்சைப் பேசி முடித்துவிட்டாள்.

"சம்பளத்துல வீட்டுக்கு எம்புட்டுன்னு சொல்லி எங்கிட்டக் குடுத்துருங்க. மிச்சத்த என்ன செய்யிறீகன்னு நான் கேக்க மாட்டேன். வீட்டுப் பணத்த நான் என்ன செய்யிறேன்னு நீங்களும் கேக்கக் கூடாது."

ஞானராஜுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. தொண்ணூற்று மூன்றில் எந்தப் பெண்டாட்டி அப்படிச் சொல்வாள். கூட்டாளிகளிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நல்ல மனுஷன்தான். ஆள் வாட்டசாட்டமாக இருப்பான், வெளுத்த சட்டை போடுவான், டீக்கடையில் நாலு பேர் நின்றால் நாலு பேருக்கும் அவன்தான் காசு கொடுப்பான். முதலில் ஒரு உதிரிபாகக் கடையில் இருந்தான். பிறகு மதுரை ரோட்டில் ஒரு பைக் ஷோரூமில் சேல்ஸ்மேன் ஆனான். வண்டி பார்க்க வந்தவன் அவன் பேச்சைக் கேட்டால் வண்டி எடுக்காமல் போக மாட்டான் என்று முதலாளியே சொல்வார்.

ஆனந்தமேரி ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். அப்பாவுக்குக் கொஞ்சம் தென்னை, கொஞ்சம் காய்கறி. மாப்பிள்ளை வீட்டில் மோட்டார் சைக்கிள் கேட்டபோது, "வண்டி பழசாகிப் போகும்ப்பா. அந்தக் காசுக்கு நெலத்துல எனக்குப் பதினஞ்சு சென்ட்டு எம்பேருக்கு எழுதிக் குடுங்க" என்று அப்பாவிடம் சொன்னவள் அவள்தான். மாப்பிள்ளை வீட்டில் முகம் சுருங்கியது. குறிப்பாக ஞானராஜின் அண்ணன் சூசைராஜுக்கு. அவர் பள்ளிக்கூட வாத்தியார், கோயிலில் பங்குப் பேரவை உறுப்பினர், பார்த்தால் நாலு பேர் எழுந்து நிற்கிற மனுஷன். வந்ததும் வராததுமாக நிலத்தைப் பற்றிப் பேசும் தம்பி பெண்டாட்டியை அவருக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை.

பத்து வருஷம் அப்படி இப்படி ஓடியது. பவுலின் என்று ஒரே மகள் பிறந்து பள்ளிக்கூடம் போனாள். இரண்டாயிரத்து மூன்றில்தான் வீட்டுக்குள் கிரெடிட் கார்டு வந்தது.

திண்டுக்கல்லில் அப்போதுதான் அது பரவிக்கொண்டிருந்த நேரம். டை கட்டிய பையன்கள் ஷோரூம், ஆஸ்பத்திரி, காலேஜ் என்று படியேறி, "ஆயுசுக்கும் இலவசம் சார், ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்" என்று மொய்த்தார்கள். ஞானராஜ் போட்டான். பெண்டாட்டி பேருக்கும் கூடுதலாக ஒன்று தருகிறோம் என்றார்கள். அதுவும் தபாலில் வந்தது. மின்னுகிற அட்டையில் தன் பெயர் மேடாக எழும்பி நிற்பதை ஆனந்தமேரி விரலால் தடவிப் பார்த்தாள். ரேஷன் கார்டில்கூடக் குடும்பத் தலைவர் பெயருக்குக் கீழேதான் அவள் பெயர் இருந்தது.

"இதுல என்ன வேணாலும் வாங்கலாம்" என்றான் ஞானராஜ்.

"வாங்குறது சரி. எப்பக் கட்டணும்?"

"அதெல்லாம் மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமாக் கட்டிக்கலாம். அதான் இதுல வசதியே."

ஒரு வருஷம் அந்த அட்டை பீரோவில் கிடந்தது. அவள் அதை வெளியே எடுத்தது ஒரே ஒரு தடவை. தெருவில் இரண்டு மூன்று பேர் இட்லி மாவு அரைத்துத் தரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். வேலைக்குப் போகிற பொம்பளைகள் பெருகிவிட்டார்கள், சாயங்காலம் வந்து ஆட்ட யாருக்கும் நேரமில்லை. வீட்டில் இருந்த சின்ன கிரைண்டர் அதற்குத் தாங்காது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் பத்து லிட்டர் கிரைண்டர் பார்த்தாள். அரைத்தபின் அப்படியே சாய்த்து மாவை வழித்துக்கொள்ளும் வகை. விலை பதினாலாயிரம்.

கடைக்காரர் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் சேத்துத்தாம்மா" என்றார்.

"அப்ப எதுக்கு வாசல்ல கார்டு வாங்குவோம்னு படம் ஒட்டி வச்சிருக்கீக? அதுல ரெண்டு பர்சன்ட்டுன்னு போடலையே."

அவர் வாசலில் ஒட்டியிருந்த படத்தை எட்டிப் பார்த்தார். பிறகு எதுவும் சேர்க்காமலே தேய்த்துக் கொடுத்தார்.

மாவு வியாபாரம் அவள் நினைத்ததைவிட நன்றாகவே பிடித்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் வாசலில் தூக்குவாளியோடு பொம்பளைகள் நிற்பார்கள். நாகல் நகரில் ஒரு மெஸ்ஸும், ரயிலடியில் இரண்டு இட்லிக் கடைகளும் அவளிடம் வாடிக்கையாயின. மாதம் பிறந்ததும் முதல் வேலையாக ஆயிரம் ரூபாயை எண்ணி ஞானராஜிடம் கொடுத்து, "இது கிரைண்டருக்கு. பேங்குல கட்டிருங்க" என்பாள். ஏழு மாதம் அப்படிக் கொடுத்தாள். எட்டாவது மாதம் டிசம்பர். அவள் பணத்தை நீட்டியபோது ஞானராஜ் வாங்கவில்லை.

"வச்சுக்கிரு. மீதி ஏழாயிரத்த நானே கட்டி முடிச்சிட்டேன். கமிஷன் நல்லா வந்துச்சு. கிறிஸ்துமஸுக்கு உனக்கு வேற என்ன வாங்கித் தரப்போறேன்?"

ஆனந்தமேரி இலேசில் கண் கலங்குகிறவள் அல்ல. அன்றைக்குக் கலங்கினாள். கறி எடுத்துக் குழம்பு வைத்து, கேட்டுக் கேட்டுப் பரிமாறினாள்.

இரண்டாயிரத்து ஆறில் ஈஸ்டர் முடிந்த வாரம், கோயம்புத்தூரில் கம்பெனி டிரெயினிங் என்று பெட்டியோடு போனவன் வரவில்லை. செல்போன் அணைந்துகிடந்தது. ஷோரூமுக்கு நேரில் போய்க் கேட்டாள். அவனை வேலையைவிட்டு நிறுத்தி மூன்று மாதம் ஆயிற்று என்றார்கள். அந்த மூன்று மாதமும் காலையில் அவன் அதே வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்கிறான்.

அவன் போன பிறகுதான் பேங்கிலிருந்து வரும் உறைகளை அவள் பிரித்தாள். அதுவரை அவை ஷோரூம் விலாசத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. இப்போது வீட்டுக்கு வந்தன. பாக்கி ஒரு லட்சத்துக்கு மேலே நின்றது. கொடைக்கானல் ஓட்டல், மதுரையில் துணிக்கடை, யாருக்கோ செல்போன். அதோடு ஏ.டி.எம்.மில் கார்டைப் போட்டு ரொக்கமாகவே எடுத்திருந்தான். ஒரு கூட்டாளியின் சீட்டுக் கம்பெனியில் போட என்று பிற்பாடு தெரிந்தது. அவள் கிரைண்டருக்கென்று எண்ணிக் கொடுத்த ஆயிரம் ரூபாயை வைத்துத்தான் மாதாமாதம் குறைந்தபட்சத் தொகை என்று பேங்க் கேட்டதைக் கட்டி ஒப்பேற்றியிருக்கிறான். மீதி ஏழாயிரத்தை அவன் கட்டவே இல்லை. கிறிஸ்துமஸ் கறிக்குழம்பு அவள் நினைவுக்கு வந்தது. ஒரு லட்சம் என்ற எண் அவளை அவ்வளவாக உறுத்தவில்லை, அந்தக் குழம்புதான் உறுத்தியது.

வட்டியைப் பார்த்தாள். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்குக் கொஞ்சம் குறைவு. அபராதம் தனி. அபராதத்துக்கும் வட்டி.

செய்தி தெருவுக்குத் தெரியும் முன்பே சூசைராஜுக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் பேங்கிலிருந்து போன் போயிருந்தது, தம்பி அவர் நம்பரையும் எழுதிக் கொடுத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். கூடத்தில் நாற்காலி போட்டு இரண்டு உறவுக்காரர்களையும் உட்கார வைத்திருந்தார்.

"மேரி, நடந்தது நடந்துபோச்சு. குடும்ப மானம் போகக் கூடாது. ஆத்தூர்ல உம்பேருல இருக்கிற பதினஞ்சு சென்ட்ட வித்தா அடைச்சுரலாம். ஆளு நான் பாத்துத் தாரேன்."

"நான் வாங்குன கடனா அத்தான் அது?"

"உம் புருஷன் வாங்குனது."

"உங்களுக்கும் அவரு தம்பிதான. நீங்க ஏன் உங்க வீட்ட விக்கக் கூடாது?"

சூசைராஜின் மனைவி காபித் தட்டோடு வந்தவள் அப்படியே உள்ளே திரும்பிப் போனாள். ஆனந்தமேரி எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டு, "நான் வாரேன் அத்தான். மாவுக்கு அரிசி ஊறுது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து ஆத்தூரிலிருந்து அவளுடைய அண்ணன் அந்தோணிராஜ் வந்தான். கோர்ட்டு வாசலில் ஒரு வக்கீலைப் பார்த்துப் பேசிவிட்டு நேரே வந்திருந்தான்.

"ஏத்தா, வக்கீல் தெளிவாச் சொல்லிட்டாரு. கார்டு மாப்ள பேருல இருக்கு. உன்னோடது கூடுதலாக் குடுத்ததுதான், அதுக்கும் அவருதான் பொறுப்பு. ஒத்தப் பைசா கட்ட வேணாம். கிரைண்டரத் தூக்கி வண்டியில போட்டுக்கிட்டு ஊருக்கு வந்துரு."

"கிரைண்டர் நான் வாங்குனதுண்ணே."

"அதுவும் அந்தக் கார்டுலதான. அதையும் கட்ட வேணாங்கிறாரு."

"சட்டம் என்னமும் சொல்லட்டும். நான் கடைக்குப் போயி, நான் பாத்து, நான் கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வந்தேன். அதுல அரச்சுத்தான் எம்மகளுக்குப் பீஸு கட்டுறேன். அதுக்கு நான் காசு குடுக்காம இருந்தா அது திருட்டு. மத்ததுக்கு நான் குடுத்தா அது கிறுக்கு."

அந்தோணிராஜ் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "ரெண்டுல ஒண்ணு செய்யி. ஒண்ணு எல்லாத்தையும் கட்டு, இல்ல ஒண்ணும் கட்டாத. நடுவுல நின்னா ரெண்டு பக்கமும் இடிப்பாங்க."

"இடிக்கட்டும்."

அன்றைக்கே மனதுக்குள் ஒரு வரிசை போட்டுவிட்டாள். மாவு விற்று வருவதில் முதலில் பவுலின் படிப்பு. அடுத்தது அரிசி உளுந்து. அதில் கைவைத்தால் தொழில் நிற்கும். மூன்றாவது கரண்ட் பில். நாலாவது கிரைண்டர் பணம். கடைசியில் எது மிஞ்சுகிறதோ அதில் சோறும் வெஞ்சனமும். கிரைண்டருக்கு மீதி ஏழாயிரம். அதற்கு மகளிர் குழுவில் போடுகிற வட்டியைப் போட்டுக்கொண்டாள். அதுதான் தெருவில் நியாய வட்டி என்று பேர். ஏழு மாதம் புருஷன் கையில் கொடுத்தது பேங்குக்குத்தான் போயிருக்கிறது. அதைப் பேங்க் எந்தக் கணக்கில் வைத்தாலும் தன் கணக்கில் அது கிரைண்டருக்குத்தான் என்று முடிவு செய்தாள்.

மாதம் எழுநூறு ரூபாய்க்கு டி.டி. எடுத்து, 'இது கிரைண்டருக்கு மட்டும்' என்று ஒரு தாளில் எழுதி இணைத்து, சென்னை விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். அந்தப் பணம் போய்ச் சேர்ந்த பிறகும் அடுத்த மாத உறையில் பாக்கி கூடித்தான் வந்தது. போனில் ஒரு பெண் சொன்னாள், "மேடம், அப்படித் தனியா ஒரு பொருளுக்கு மட்டும் கட்ட முடியாது. நீங்க அனுப்பினது வட்டியில வரவாயிருக்கு."

"நீங்க எதுல வேணாலும் வச்சுக்கங்கம்மா. நான் எதுக்கு அனுப்புறேன்னு எழுதிட்டேன்."

"அது ஏத்துக்க மாட்டாங்க மேடம்."

"பணத்த ஏத்துக்கிறீகல்ல?"

போனை வைத்துவிட்டு மாவு கரைக்கப் போய்விட்டாள். அதன் பிறகு கோயிலில் சூசைராஜ் குடும்பம் அவள் பக்கம் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கறி நின்றது. பவுலினுக்குப் புது யூனிஃபார்ம் எடுக்காமல் பழையதன் தையலைப் பிரித்து இறக்கி விட்டாள். மகள் முணுமுணுத்தாள். "அப்பா பண்ணதுக்கு நான் ஏம்மா குட்டப் பாவாடையோட போகணும்?" அடுத்த வாரம் ஆனந்தமேரி தன் கம்மலை அடகு வைத்துப் புதிதே எடுத்துக் கொடுத்தாள்.

பேங்க் தபாலிலும் போனிலும் கேட்டுப் பார்த்துச் சலித்து, வசூலுக்கு ஆள் அனுப்பியது. உடையப்பன் என்று பெயர். நாற்பது வயதிருக்கும், நெற்றியில் திருநீறு, கையில் ரெக்சின் பை. கூடவே பேசாமல் நிற்பதற்கென்று தடியாக ஒருவன். உடையப்பன் வருகிற நேரமே தொழில் தெரிந்தவன் வருகிற நேரம். சாயங்காலம், வாசலில் மாவுக்குப் பொம்பளைகள் நிற்கும்போது வருவான். முதலில் மெதுவாகப் பேசுவான். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரிக் குரலை உயர்த்துவான்.

"ஒரு லட்சத்து சொச்சம் ஏப்பம் விட்டுட்டு இங்க மாவு யாவாரம் நடக்குதாக்கும்? புருஷன ஒளிச்சு வச்சுக்கிட்டு நாடகமா?"

முதல் நாள் அவள் அளந்து ஊற்றிய மாவு வாளிக்கு வெளியே வழிந்தது. நின்றிருந்த பொம்பளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேர் மாவு வாங்காமலே நழுவிவிட்டார்கள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. தன்னை அவன் என்ன சொன்னான் என்று யோசித்துப் பார்த்தாள். புதிதாக ஒன்றும் இல்லை. எல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான். தெருவுக்குத் தெரியாதது, அவ்வளவுதான். தெருவுக்குத் தெரியக் கூடாது என்று அவள் பயப்படுகிற வரைக்கும்தான் அவன் குரலுக்கு விலை.

அடுத்த முறை அவன் தெருமுனையில் திரும்பும்போதே அவள் பார்த்துவிட்டாள். வரிசையில் எட்டு பத்துப் பேர் நின்றார்கள். எதிர்வீட்டு மலர்விழி முன்னால் நின்றாள். ஆனந்தமேரி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"செத்த நேரம் எல்லாரும் கேட்டுக்கங்க. அந்தா வாராரே, அவுக கார்டுக் கடன் வசூலுக்கு வாராக. எங்க வீட்டுக்காரரு ஒரு லட்சத்துக்கு மேல வாங்கிட்டு எங்க போனாருன்னு தெரியல. வேலை போனதையும் எங்கிட்டச் சொல்லல. நான் வாங்குனது இந்தக் கிரைண்டர் ஒண்ணுதான். அதுக்கு மாசம் எழுநூறு அனுப்பிக்கிட்டு இருக்கேன். மிச்சத்துக்கு நான் கட்ட மாட்டேன். இம்புட்டுத்தான் விசயம். வேற என்னமும் கேக்கணும்னா எங்கிட்டக் கேளுங்க, தெருவுல நின்னு பேசாதீக."

உடையப்பன் வந்து நின்றபோது அவன் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடிந்திருந்தது. வாயைத் திறந்தான். மலர்விழி முந்திக்கொண்டாள். "தெரியும்ணே. இப்பத்தான் அக்கா சொன்னாக. கிரைண்டருக்கு அனுப்புறாகளாம்ல, அது வருதா?"

"வருது. ஆனா..."

"அப்பறம் என்ன?" என்று சொல்லிவிட்டு அவள் வாளியை நீட்டினாள். "அக்கா, எனக்கு ரெண்டு லிட்டர்."

அதற்குப் பிறகு அவன் குரலை உயர்த்தினாலும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவன் விட்டுவிடுகிறவனும் அல்ல. தினமும் மின்வெட்டு இருந்த சமயம், ஒருநாள் காலையில் அவள் முதல் ஈடு அரைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு மினி வேனோடு வந்து இறங்கினான்.

"கிரைண்டர எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாங்கம்மா. ஓரமா நில்லுங்க."

"கோர்ட்டு ஆர்டர் இருக்கா?"

"வரும். பொருள் முதல்ல போகட்டும்."

"அப்ப ஆர்டர் வந்ததும் வாங்க."

தடியன் வீட்டுக்குள் கால் வைத்தான். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற மெஷினில் கைவைக்க அவனுக்குத் தயக்கம். அது நிற்கட்டும் என்று சுவரில் சாய்ந்துகொண்டான். ஆனந்தமேரிக்கு அப்போதுதான் புரிந்தது. மெஷினை நிறுத்தக் கூடாது. ஆனால் ஊறிய அரிசி அந்த ஈட்டோடு தீர்ந்தது. மகளைக் கூப்பிட்டு, "எதுத்த வீட்டுல போயி, அரிசி ஊறப் போட்டிருந்தா அம்மா அரச்சுத் தாரேங்கிறாகன்னு சொல்லு" என்றாள்.

மலர்விழி அண்டாவோடு வந்தாள். விஷயம் தெரிந்து அடுத்த வீட்டிலிருந்து உளுந்து வந்தது. அன்பியக் கூட்டத்து ஜெபத்துக்கு வாராவாரம் கூடுகிற பொம்பளைகள் ஒவ்வொருவராக, பணியாரத்துக்கு ஊறினது, ஆப்பத்துக்கு ஊறினது என்று பாத்திரத்தோடு வந்து சேர்ந்தார்கள். வழித்தெடுக்க எடுக்க அடுத்தது உள்ளே விழுந்தது. வேன்காரன் வாடகை ஏறுகிறது என்று வெளியே நின்று கத்தினான்.

பத்து மணிக்குக் கரண்ட் போனது. மெஷின் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. தடியன் சுவரைவிட்டு நிமிர்ந்து பிளக்கைப் பிடுங்கினான். ஆனந்தமேரி இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் மாவுக்குள் விட்டுக் குழவியைப் பிடித்துக்கொண்டாள். பேசினால் அழுகை வந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

மலர்விழிதான் தடியனுக்கு முன்னால் வந்து நின்றாள். "ஏலே அப்பு, உள்ள கெடக்கிறது எங்க வீட்டு அரிசி. நான் எந்தக் கார்டும் வாங்கல. என் அரிசியத் தூக்கிட்டுப் போக நீ யாரு?"

"அரிசிய எடுத்துக்கங்க அக்கா, மெஷின மட்டும்..." என்று இழுத்தான் அவன்.

"அரையாத அரிசிய எடுத்து என்ன செய்ய? அரச்சுக் குடு, எடுத்துக்கிறேன்."

கரண்ட் வர இரண்டு மணி நேரம் ஆகும். யாரும் நகரவில்லை. வேன்காரன் பொறுக்கமாட்டாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். உடையப்பன் நிலைப்படியில் உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான்.

"எனக்கும் கேஸுக்கு இம்புட்டுன்னு கமிஷன்தாம்மா. சம்பளம்னு ஒண்ணும் கெடையாது. குடிக்கத் தண்ணி குடுங்க."

பவுலின் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, ஆர்டரோடு வருகிறேன் என்று சொல்லிப் போனான். ஆர்டர் வரவில்லை, அவனும் வரவில்லை. அந்தப் பொம்பளைகள் போன பிறகு ஆனந்தமேரி கதவைச் சாத்திக்கொண்டு, கையில் காய்ந்த மாவைக்கூடக் கழுவாமல் அழுது தீர்த்தாள்.

அடுத்த சில மாதங்களில் அவள் கணக்கு முடிந்தது. கடைசி டி.டி.யோடு, 'கிரைண்டர் முடிந்தது. இனி இந்த விலாசத்தில் உங்களுக்குப் பாக்கிக்காரர் யாரும் இல்லை' என்று எழுதி அனுப்பினாள். அதற்கும் பதிலாகப் பாக்கி கூடின உறை ஒன்று வந்தது. பிரிக்காமலே, 'ஆள் இங்கே இல்லை' என்று எழுதித் தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஒருநாள் சூசைராஜ் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பின்னால் ஞானராஜ். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஸ்டோரில் இருந்திருக்கிறான். ஆள் பாதியாகியிருந்தான். வெளுத்த சட்டை இல்லை. பவுலின் அப்பாவைப் பார்த்துவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சூசைராஜ் தொண்டையைச் செருமினார். "பேங்குல பேசிட்டேன் மேரி. ஒரேயடியா முடிக்கிறதா இருந்தா நாப்பதாயிரத்துக்கு ஒத்துக்கிறாங்க. தவணையும் குடுப்பாங்க. இப்பவாச்சும் அந்த நெலத்தக் கொஞ்சம் யோசிச்சு..."

"யோசிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல அத்தான். வித்துத் தர மாட்டேன்."

பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். மூன்று வருஷமாக அவனிடம் கேட்க அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"ஓடிப்போனத நான் கேக்கல. கடனையும் கேக்கல. அந்தக் கிறிஸ்துமஸுக்கு மீதியக் கட்டிட்டேன்னு சொன்னீகளே. அத எதுக்குச் சொன்னீக?"

ஞானராஜ் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். "கட்டணும்னுதான் நெனச்சேன். சொன்னதும் உம் மொகம் அப்படி ஆச்சு. பெறகு இல்லன்னு சொல்ல முடியல."

சூசைராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார், கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"இங்க இருக்கலாம். சோறு போடுறேன், எம்மகளுக்கு அப்பா வேணும். ஆனா ஒங்க கடன நீங்கதான் கட்டணும். ரயிலடி, நாகல் நகர், பழனி ரோடுன்னு இப்ப ஒம்பது கடைக்கு மாவு போகுது. டி.வி.எஸ். வண்டியில போட ஒரு ஆளுக்குச் சம்பளம் குடுத்துக்கிட்டு இருக்கேன், அவன் அடுத்த மாசம் நின்னுக்கிறேங்கிறான். அந்த வேலையப் பாருங்க. அவனுக்குக் குடுத்த சம்பளம் ஒங்களுக்கும். அதுல தவணையக் கட்டுங்க."

"புருஷன வேலைக்கு வைக்கிறியா?" சூசைராஜின் குரல் உயர்ந்தது. "ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும் அத்தான். நம்ம ஊரு பேசிக்கிட்டேதான் இருக்கு, நான் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்."

சூசைராஜ் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். தம்பி தன்னோடு வருவான் என்று தெருமுனை வரை போய்த் திரும்பிப் பார்த்தார். ஞானராஜ் மாவு வாளிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

ஊர் பேசத்தான் செய்தது. கட்டின புருஷனைக் கூலிக்கு வைத்திருக்கிறாள் என்றார்கள். ரயிலடிக் கடைக்காரர் அவளிடமே கேட்டார். "ஆமா, வச்சிருக்கேன். ஒழுங்கா வேல பாக்குறாரு" என்றாள். உண்மையாகவே ஒழுங்காகத்தான் பார்த்தான். பேச்சுக்காரன், போகிற இடத்திலெல்லாம் இன்னும் இரண்டு கடை பிடித்துக்கொண்டு வந்தான். மாதம் பிறந்தால் சம்பளத்தை அவன் கையில் கொடுப்பாள். அவன் கட்டினானா என்று கேட்க மாட்டாள். அவனே ரசீதை மேசைமேல் வைப்பான். அவள் அதைத் தொடவும் மாட்டாள், எடுத்து வைக்கவும் சொல்ல மாட்டாள். மகள் அவனோடு பேச ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதை ஆனந்தமேரி அவசரப்படுத்தவில்லை.

கடன் முடிந்து பேங்க் சான்று வந்த அன்றைக்கு, மத்தியானச் சாப்பாட்டின்போது ஞானராஜ் மெல்ல ஆரம்பித்தான்.

"அதான் எல்லாம் முடிஞ்சிருச்சே மேரி. நாலு கடை நானாப் புடிச்சிருக்கேன். சம்பளத்தக் கொஞ்சம் கூட்டிக் குடுக்கலாம்ல?"

அவள் ரசத்தை ஊற்றினாள். "எம்புட்டுக் கேக்குறீக?"

அவன் ஒரு தொகை சொன்னான். அவள் அதில் பாதியைச் சொன்னாள். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் இரண்டு பேரும் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.